பாடம் நடத்தவா, ஆராய்ச்சி பண்ணவா?

கேள்வி: காரைக்குடிக்குப் பக்கத்தில் ஓர் அரசு உதவி பெறும் நடுநிலைப் பள்ளியில் போன வருஷம் தலைமை ஆசிரியையாகப் பொறுப்பேற்றேன். 8 ஆசிரியர்கள், 163 பிள்ளைகள். ஆறாம் வகுப்புக்கு வந்த பிறகும் சிலர் தமிழ் வாசிக்கத் திணறுகிறார்கள். ஒரு பயிற்சியில் செயலாராய்ச்சி (ஆசிரியர் தன் வகுப்புப் பிரச்சினையைத் தானே ஆராய்ந்து, மாற்றிச் செய்து பார்ப்பது) பற்றிக் கேட்டுவிட்டு வந்த வேகத்தில், பருவம் முடிவதற்குள் ஆளுக்கு ஒன்று முடித்துத் தர வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டேன். மூன்று பேர் கொடுத்தார்கள். மூன்றும் எங்கிருந்தோ எடுத்த மாதிரி, ஒரே வாக்கியங்கள். 26 வருஷம் சர்வீஸ் உள்ள ஆசிரியை கூட்டத்திலேயே, “பாடம் நடத்தவா, ஆராய்ச்சி பண்ணவா, எமிஸ்ல ஏத்தவா? எதைச் செய்யச் சொல்றீங்க டீச்சர்?” என்று கேட்டுவிட்டார் (எமிஸ் என்பது பள்ளி விவரங்களை ஏற்றும் அரசு இணையதளம்). தாளாளர் வேறு, “என்னமோ ஆராய்ச்சின்னீங்களே, என்னாச்சு?” என்கிறார். விட்டுவிடுவதா, தொடர்வதா?

பதில்:

டீச்சர், முதல் வேலையாக அந்தச் சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுங்கள். செயலாராய்ச்சியை விட்டுவிடச் சொல்லவில்லை, ஆணை போட்டு வாங்குவதைத்தான் விடச் சொல்கிறேன். நாளைக் காலையில் மணி அடிப்பதற்கு முன்னால் அந்த மூத்த ஆசிரியையிடம் போய், “நீங்க கேட்டது சரிதான்” என்று சொல்லிவிடுங்கள். எல்லார் முன்னாலும் கேட்டாரே என்ற வருத்தம் உங்களுக்கு இருக்கும். ஆனால் எட்டுப் பேரில் உங்களிடம் உண்மையைச் சொன்னவர் அவர் ஒருவர்தான். மூன்று பேர் காகிதத்தைக் கொடுத்துத் தப்பித்துக்கொண்டார்கள், மற்றவர்கள் வாயே திறக்கவில்லை.

அந்த மூன்று அறிக்கைகளில் என்ன இருக்கும் என்று பார்க்காமலே சொல்லட்டுமா? “ஆறாம் வகுப்பு மாணவர்களின் வாசிப்புத் திறனை மின்னட்டைகள் (ஃபிளாஷ் கார்டு) வழி மேம்படுத்துதல்.” ஒரு முன்தேர்வு, ஒரு பின்தேர்வு, சராசரி இரண்டு மடங்கு ஏற்றம், டி-சோதனை (சராசரிகளின் வேறுபாடு தற்செயலா என்று பார்க்கும் புள்ளியியல் கணக்கு), ‘பொருளுடைய வேறுபாடு உள்ளது’ என்று ஒரு வரி, கடைசியில் பிள்ளைகள் அட்டையைத் தூக்கிப் பிடித்த நாலு போட்டோ. எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஆசிரியர் பயிற்சி நிறுவனம் ஒன்றில் பன்னிரண்டு வருஷம் உட்கார்ந்து இப்படிப்பட்ட அறிக்கைகளுக்கு மதிப்பெண் போட்டவன் நான். நாங்களே மார்ச் மாதத்துக்குள் கணக்குக் காட்ட வேண்டியிருந்ததால் ஆளுக்கொரு அறிக்கை எழுதி அட்டை போட்டோம். என்னுடையதும் அதில் ஒன்று. ஒரு நாலாம் வகுப்பில் முன்தேர்வு எழுதியவர்கள் 31 பேர். பின்தேர்வு வைத்த நாளோ, காரைக்குடி முத்துமாரியம்மன் மாசி-பங்குனித் திருவிழா நேரம். வந்தது 22 பேர். வராத ஒன்பது பேரில் எட்டுப் பேர் வாசிக்கத் திணறுகிறவர்கள். சராசரி ஏறாமல் என்ன செய்யும்? அறிக்கையில் ‘குறிப்பிடத்தக்க முன்னேற்றம்’ என்றே எழுதினேன். யாரும் கேட்கவில்லை, படித்திருந்தால்தானே கேட்பார்கள்.

திருவிழாவே இல்லாவிட்டாலும் அந்தக் கணக்குக்கு அர்த்தம் குறைவு. மூன்று மாதத்தில் பிள்ளை எப்படியும் கொஞ்சம் வளரும். புதிதாக ஒன்றைக் கொண்டு போனால் பத்து நாளைக்கு வகுப்பே கலகலப்பாகிவிடும். ஒரே வகுப்பு, ஒப்பிட வேறு வகுப்பு கிடையாது, அதற்கு ஒரு டி-சோதனை. பல்கலைக்கழக ஆய்வுக்குத் தைத்த சட்டை அது, நம் வகுப்புக்குச் சேராது.

செயலாராய்ச்சி என்ற பெயரைப் பரப்பியவர் குர்ட் லெவின். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933இல் ஜெர்மனியை விட்டு அமெரிக்கா போன உளவியலாளர். 1946இல் அவர் இதைப் பற்றி எழுதியது பள்ளிக்கூடத்தை வைத்து அல்ல, சிறுபான்மையினர் பிரச்சினைகளை வைத்து. அவரும் அவரோடு இருந்தவர்களும் வர்ஜீனியாவில் ஹார்வுட் என்ற பைஜாமா தைக்கும் ஆலையில் வருஷக்கணக்கில் வேலை செய்தார்கள். அந்த ஆலையில் லெஸ்டர் கோச், ஜான் பிரெஞ்ச் இருவரும் செய்த ஒரு சோதனை 1948இல் வெளிவந்தது. உங்களுக்கு அது நேராகப் பொருந்தும். வேலை செய்யும் முறையை மாற்ற வேண்டியிருந்தது. ஒரு குழுவிடம், “இனிமேல் இப்படித்தான்” என்று காரணத்தோடு சொல்லிவிட்டார்கள். வேறு குழுக்களில், முறையை எப்படி மாற்றலாம் என்பதையே தொழிலாளிகளோடு உட்கார்ந்து பேசினார்கள். சொல்லிவிட்ட குழுவில் உற்பத்தி விழுந்தது, விழுந்தது எழவே இல்லை. முணுமுணுப்பு, மேற்பார்வையாளரோடு சண்டை, சிலர் வேலையை விட்டே போனார்கள். உட்கார்ந்து பேசிய குழுக்கள் சீக்கிரமே பழைய அளவைத் தாண்டின. இத்தனைக்கும் இரண்டு பக்கத்திலும் மாற்றத்தின் அளவு ஏறக்குறைய ஒன்றுதான்.

உங்கள் சுற்றறிக்கை முதல் வகை, டீச்சர்.

செயலாராய்ச்சியைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு வந்தவர்களில் அமெரிக்காவின் ஸ்டீபன் கோரி (1953), இங்கிலாந்தின் லாரன்ஸ் ஸ்டென்ஹவுஸ் (1975) இருவரையும் சொல்லலாம். ஆஸ்திரேலியாவின் கெம்மிஸ், மெக்டகார்ட் இருவரும் 1980களில் வரைந்த சுழல் படத்தை உங்கள் பயிற்சியில் காட்டியிருப்பார்கள். திட்டமிடு, செய், கவனி, யோசி, மறுபடி திட்டமிடு. எல்லா அறிக்கையிலும் இந்தப் படம் இருக்கும். இரண்டாவது சுற்று மட்டும் எந்த அறிக்கையிலும் இருக்காது.

இரண்டாவது சுற்று எதற்கு என்று கேட்டால் ஒரு டீச்சரின் நோட்டைத்தான் காட்டுவேன். தேவகோட்டைப் பக்கம் ஐந்தாம் வகுப்பு எடுத்தவர். பழைய வீடு ஒன்றைத் தானமாகக் கொடுத்து, அதில் நடந்த பள்ளி. பட்டாலை என்ற கூடம் முழுக்க ஆத்தங்குடித் தரைக்கல், உயரமான கூரை, ஒரு வகுப்பு வாய்விட்டுப் படித்தால் அடுத்த இரண்டு வகுப்புக்கும் கேட்கும். ‘வாசிப்புத் திறன் குறைவு’ என்று பிரச்சினையை எழுதி வைத்திருந்தார். பிள்ளை என்ன வாசிக்கிறது என்று நான் கேட்டதற்கு, “தப்புத் தப்பா வாசிக்குது சார்” என்றார். சரி, அந்தத் தப்பை எழுதிக்கொண்டு வாருங்கள் என்றேன். தினம் பத்து நிமிஷம், மூன்று பிள்ளைகள், வாசல் திண்ணையில். நோட்டில் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் புத்தகத்தில் இருக்கும் சொல், வலப்பக்கம் பிள்ளை வாயில் வந்தது வந்தபடி. திருத்தக் கூடாது, மதிப்பெண் கிடையாது.

ஒரு வாரம் கழித்து வந்த நோட்டில் இப்படி இருந்தது. கொட்டான் – கெரட்டரன். போனாள் – பேரனரள். கௌதாரி – கெளதரரி.

சத்தமாகப் படித்துப் பாருங்கள், விஷயம் உடனே விளங்கும். அந்தப் பிள்ளைகளுக்கு எழுத்துத் தெரியாமல் இல்லை. கண்ணில் பட்டதை வரிசையாக, ஒன்று விடாமல், நேர்மையாக வாசித்திருக்கிறார்கள். துணைக்காலை ‘ர’ என்றும், ஔகாரக் குறியை ‘ள’ என்றும் எடுத்துக்கொண்டார்கள். நம் 216 உயிர்மெய்யில் ஒகரம், ஓகாரம், ஔகாரம் ஏறிய 54 எழுத்துக்குக் குறி இரண்டு பக்கமும் நிற்கிறது. எகரம், ஏகாரம், ஐகாரம் ஏறிய இன்னொரு 54க்குக் குறி முன்னால் நிற்கிறது. ஆகப் பாதி எழுத்துகளில் கண் முதலில் பார்ப்பதை வாய் அப்புறம்தான் சொல்ல வேண்டும். நமக்குப் பழகிப்போனதால் மறந்துவிட்டது.

இதில் வேடிக்கை, அந்த வகுப்பில் தினமும் காலையில் உயிர்மெய் அட்டவணையை ராகம் போட்டு ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாப் பிள்ளைக்கும் ‘கொ’ வரும். அது பத்தாவது கட்டத்தில் இருப்பதால் வந்ததே தவிர, குறியைப் பார்த்து வரவில்லை. டீச்சர் நோட்டைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், “மூணு வருஷமா இதைத்தான் சார் செஞ்சிட்டிருக்கேன்” என்றார்.

அவர் கண்டுபிடித்த வழி என் மூளையில் உதித்திருக்காது. தரையில் பக்கத்தில் பக்கத்தில் மூன்று ஆத்தங்குடிக் கல். இடது கல்லில் ஒற்றைக்கொம்பு அட்டையோடு ஒரு பிள்ளை, நடுக்கல்லில் ‘க’, வலது கல்லில் துணைக்கால். மூவரும் கை கோத்தால் நடுவில் நிற்கிறவர் ‘கொ’ என்று கத்த வேண்டும். துணைக்கால் கையை விட்டுவிட்டு ஓடினால் ‘கெ’. கொம்பு ஓடிவிட்டால் ‘கா’. மதிய இடைவேளையிலும் அதையே விளையாடினார்களாம். செலவு மூன்று அட்டை.

அறிக்கை எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் முடித்துவிடுவார்கள். டீச்சர் நோட்டை மூடவில்லை. இரண்டு வாரம் கழித்து நோட்டில் புதுத் தப்பு ஒன்று வந்தது. ஒரு பையன் ‘பேரன் வந்தான்’ என்பதை ‘போன் வந்தான்’ என்று வாசித்தான். இரண்டு பேர் கேலியாகச் சிரிக்க, அவனும் சேர்ந்து சிரித்தான். கொம்புக்கு அப்புறம் ஒரு கால் தெரிந்தாலே துணைக்கால் என்று இப்போது பழகிவிட்டது, உண்மையான ‘ர’ வந்தால் ஏமாந்து போகிறார்கள். ஒரு தப்பைத் திருத்தப் போய் இன்னொன்றை நாமே ஊட்டிவிட்டோம். அதனால் இரண்டாவது சுற்றில் விளையாட்டைக் குறைத்துவிட்டு முழு வாக்கியமாக வாசிக்க வைத்தார். வாசித்து முடித்ததும் ஒரே கேள்வி: “யார் வந்தா?” போன் எப்படி ‘வந்தான்’ ஆகும் என்று பிள்ளையே திரும்பிப் பார்த்துத் திருத்திக்கொள்ளும். பின்தேர்வு மட்டும் வைத்திருந்தால் சராசரி ஏறியிருக்கும், இது மாட்டியிருக்காது.

உங்கள் ஆறாம் வகுப்புக்கு இதையே செய்யுங்கள் என்று சொல்ல வரவில்லை. உங்கள் பிள்ளைகளின் தப்பு வேறாக இருக்கலாம். ல, ள, ழ குழப்பமாக இருக்கலாம், கண் சரியாகத் தெரியாததாகக்கூட இருக்கலாம். யார் எந்த இடத்தில் நிற்கிறார்கள் என்று ஒரே நாளில் தெரிய வேண்டுமானால் பிரதம் அமைப்பு 2005 முதல் வீடு வீடாகப் போய் நடத்தும் ‘அசர்’ ஆய்வின் வாசிப்புத் தாள் போதும். எழுத்து, சொல், ஒன்றாம் வகுப்பு அளவில் ஒரு பத்தி, இரண்டாம் வகுப்பு அளவில் ஒரு சிறுகதை, அவ்வளவுதான். கீழ் வகுப்புகளில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தின் அரும்பு, மொட்டு, மலர் நிலைகளை உங்கள் ஆசிரியர்கள் ஏற்கெனவே குறித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். புதிதாக எதையும் நிரப்பச் சொல்லாதீர்கள். கொம்பா, காலா, கண்ணா என்று காட்டுவது மட்டும் அந்தத் திண்ணை நோட்டு.

இனி உங்கள் பங்கு. கடிதத்தில் ‘ஆளுக்கு ஒன்று’ என்று எழுதியிருந்தீர்கள். அந்த ‘ஆளுக்கு’ என்பதில் நீங்கள் உண்டா? உங்கள் செயலாராய்ச்சி எது?

தலைமை ஆசிரியரின் வேலையும் ஒரு செயல்தான், அதையும் ஆராயலாம். நியூசிலாந்தின் விவியன் ராபின்சனும் அவர் குழுவினரும் 2008இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துத் தலைமையின் ஐந்து கூறுகளைப் பிரித்தார்கள். குறிக்கோள் வகுப்பது, வளங்களைத் திரட்டுவது, பாடத்தைத் திட்டமிட்டு மேற்பார்வையிடுவது, ஒழுங்கான சூழலை ஏற்படுத்துவது எல்லாம் உண்டு. பிள்ளைகளின் கற்றலோடு மிக வலுவான தொடர்பு தெரிந்தது ஐந்தாவதில்: ஆசிரியர்கள் கற்பதற்கு வழி செய்வதோடு நிற்காமல், தலைவரும் கூட உட்கார்ந்து கற்பது.

எளிய ஒன்றிலிருந்து ஆரம்பியுங்கள். அடுத்த ஆசிரியர் கூட்டத்தை, எல்லோரிடமும் சொல்லிவிட்டு, உங்கள் போனில் பதிவு செய்யுங்கள். வீட்டுக்குப் போய்ச் சமையல்கட்டில் போட்டுக் கேளுங்கள். நான் தலைமை ஆசிரியராக இருந்த ஒரே வருஷத்தில் இதைச் செய்து பார்த்தேன். நாற்பது நிமிஷக் கூட்டத்தில் என் குரல் முப்பத்தொரு நிமிஷம். இடையில் நாலு தடவை, “யாராவது ஏதாவது சொல்லணுமா?” என்று கேட்டிருக்கிறேன். கேட்ட மூச்சோடு, “சரி, அடுத்தது…” என்று நானே போயிருக்கிறேன். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970களில் அறிவியல் வகுப்புகளைப் பதிவு செய்து கேட்டபோது, கேள்வி கேட்ட ஆசிரியர் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார் என்று கண்டார். மூன்று விநாடிக்கு மேல் காத்திருந்தால் பிள்ளைகளின் பதில் நீளுகிறது, வழக்கமாக வாய் திறக்காதவர்கள்கூடப் பேசுகிறார்கள். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறை என்று படித்துப் பாடமும் நடத்தியவன் நான். சக ஆசிரியர்களிடம் ஒரு விநாடிகூடக் காத்திருக்கவில்லை. அடுத்த கூட்டத்தில் கேட்டுவிட்டு மனசுக்குள் பத்து எண்ணினேன். ஆறு வரும்போது எனக்கே வியர்த்தது. எட்டில், ஒருநாளும் பேசாத கணக்கு சார், “சத்துணவு முடிஞ்சு வர்ற முதல் பீரியடைக் கணக்குக்குப் போடாதீங்க” என்றார். இரண்டு வருஷமாக அவர் மனதில் இருந்த விஷயமாம்.

அப்புறம், இரண்டு வாரத்துக்கு உங்கள் நாளை அரைமணி அரைமணியாகக் குறித்துப் பாருங்கள். எமிஸ், தாளாளர் போன், மின்கட்டணம், பெற்றோர், வட்டார வள மையம், வகுப்பறை. வகுப்பறைக்கு எத்தனை அரைமணி விழுகிறது என்று பார்த்துவிட்டு மற்றதை முடிவு செய்யலாம். அனேகமாக வெட்கமாக இருக்கும், எனக்கும் இருந்தது.

அந்த மூத்த ஆசிரியையிடம் ஓர் உதவி கேளுங்கள். ஆராய்ச்சி என்ற வார்த்தையே வேண்டாம். “வாரம் ஒரு பீரியட் உங்க வகுப்பை நான் எடுக்கிறேன். அந்த நேரம் நீங்க மூணு பிள்ளைகளைத் திண்ணையில வச்சு வாசிக்கச் சொல்லி, வாயில வந்ததை எழுதித் தாங்க.” அவர் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். பாடம் நடத்தவா, ஆராய்ச்சி பண்ணவா என்றார். பாடத்தை நீங்கள் நடத்துங்கள். 26 வருஷம் பிள்ளைகளைக் கேட்ட காது அது. நீங்களும் நானும் ஒரு மாதம் தேடுவதை அவர் மூன்றே நாளில் பிடித்துவிடலாம். அவர் மறுத்தால் இன்னொருவரைக் கேளுங்கள், யாருமே வராவிட்டால் நீங்களே ஒரு வகுப்பில் தனியாகச் செய்யுங்கள். எட்டுப் பேரும் செய்ய வேண்டும் என்ற எண்ணத்தை இந்த வருஷம் ஒதுக்கி வையுங்கள்.

ஒன்றில் மட்டும் கறாராக இருங்கள். அந்த நோட்டில் தெரியும் எந்தக் குறையும் மெமோவாகவோ, ‘உங்க வகுப்புதான் மோசம்’ என்ற பேச்சாகவோ மாறக் கூடாது. ஒரே ஒரு தடவை மாறினாலும் போதும், அதன் பிறகு வரும் நோட்டெல்லாம் அழகாக இருக்கும், உண்மை இருக்காது. பிள்ளைகள் பெயரும் அப்படித்தான். நோட்டில் எண் போடுங்கள். பெற்றோர் ஆலை வேலைக்கும் கொத்து வேலைக்கும் போகும் வீட்டுப் பிள்ளை, ‘மெல்லக் கற்போர்’ என்று போட்டோவோடு பள்ளி வாட்ஸப் குழுவில் சுற்ற வேண்டாம்.

என்னாச்சு என்று தாளாளர் கேட்பதாக எழுதியிருந்தீர்கள். அந்த மூன்று அறிக்கைகளை அனுப்ப வேண்டாம், பருவம் முடியும்போது இரண்டு பக்கம் தருகிறேன் என்று நேரில் சொல்லிவிடுங்கள். ஆராய்ச்சி என்றால் முறையாகத் தேடுவது மட்டுமல்ல, தேடியதை நாலு பேர் பார்க்க வைப்பதும்தான் என்றார் ஸ்டென்ஹவுஸ். அந்த நாலு பேரில் உங்கள் தாளாளரும் பள்ளி மேலாண்மைக் குழுவும் இருக்கட்டும். முதல் பக்கத்தில் என்ன கேட்டோம், பிள்ளைகள் என்ன வாசித்தார்கள், என்ன செய்தோம். கொட்டான் – கெரட்டரன் மாதிரி நாலு வரி அப்படியே இருக்கட்டும், தாளாளர் வாய்விட்டுப் படித்துப் பார்ப்பார். இரண்டாம் பக்கத்தில் எது வேலை செய்யவில்லை, அடுத்த பருவம் எதை மாற்றப்போகிறோம். போட்டோ வேண்டாம், டி-சோதனை வேண்டாம். “சதவீதம் எவ்வளவு?” என்று அவர் கட்டாயம் கேட்பார். ஆறாம் வகுப்பில் கதையைத் தடுமாறாமல் வாசிப்பவர்கள் பருவத் தொடக்கத்தில் இத்தனை பேர், இப்போது இத்தனை பேர், இரண்டு நாளிலும் வந்திருந்தவர்களை மட்டும் எண்ணியது என்று சொல்லுங்கள். எண்ணும் நாள் திருவிழாவில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.